நடந்தது என்ன, நாள் எத்தனை

2003 வாக்கில் தமிழ்நாட்டுச் சாலையோர விளம்பரப் பலகைகளில் ஒரு கேள்வி முளைத்தது: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? யார் இந்தப் புள்ளிராஜா, அவர் என்ன செய்தார் என்று எதுவும் சொல்லாமல் கேள்வியை மட்டும் தொங்கவிட்ட அந்த விளம்பரம் டீக்கடைகளைப் பேச வைத்தது. எய்ட்ஸ் என்று வாய்விட்டுச் சொல்லவே கூசிய காலத்தில் அது செய்த வேலை பெரிது. குறை சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் அது ஆளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் இன்றைக்கும் அதேதான் வந்து சேர்கிறது: "எனக்கு வந்திருக்குமா சார்?" இப்படிக் கேட்டால் பதில் கிடையாது. ஆளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்தும் எல்லா நாளிலும் சொல்லிவிட முடியாது. எங்கள் தொழிலில் பதில் தேடித் தரக்கூடிய கேள்விகள் இரண்டே இரண்டு. நடந்தது என்ன? நடந்து எத்தனை நாள் ஆகிறது? 'நான் செய்தது தப்பா' என்பது அவரவர் மனசாட்சி பார்க்க வேண்டிய கணக்கு. அதை நோய்க் கணக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான், பயப்படத் தேவையில்லாதவர்கள் மாதக்கணக்கில் தூங்காமல் கிடக்கிறார்கள். கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள் மையத்தின் வாசற்படி ஏறாமலே இருந்துவிடுகிறார்கள். இத்தனை காலம் இந்த வேலையில் இருந்து நான் வந்தடைந்த முடிவு இது. அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி கேட்பவருக்கும் சங்கடம், சொல்பவருக்கும் சங்கடம். "தொடர்பு ஆயிடுச்சு" என்ற இரண்டு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டதாக வந்தவர் நினைத்துக்கொள்வார். ஆலோசகருக்கு அது போதாது. முத்தத்தோடு நின்றதா, கையோடு நின்றதா, வாய்வழியா, யோனிவழியா, ஆசனவாய்வழியா. அதில் நீங்கள் எந்தப் பக்கம். ஆணுறை இருந்ததா, கடைசிவரை இருந்ததா, நடுவில் கிழிந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். வம்புக்காகக் கேட்பதில்லை. எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் ஒரே ஒருமுறை உறவு கொண்டால் எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு உலக ஆய்வுகளிலிருந்து தொகுத்த மதிப்பீடுகள் இருக்கின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் எண்களின்படி, யோனிவழி உறவில் ஆணுக்குப் பத்தாயிரத்தில் 4, பெண்ணுக்குப் பத்தாயிரத்தில் 8. ஆசனவாய்வழி உறவில் செய்பவருக்குப் பத்தாயிரத்தில் 11, ஏற்பவருக்கு 138. வாய்வழி என்றால் எண் போட்டுச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு. முத்தம், தழுவல், கைத்தொடுதல் எல்லாம் எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று சொல்கிறேன்: தொற்றுள்ள ரத்தத்தை உடலில் ஏற்றிக்கொண்டால் பத்தாயிரத்தில் 9,250. கேள்விப்பட்டதும் பலர் நம்புவதில்லை. ஒருமுறை போனாலே வந்துவிடும் என்று சுவரிலும் சினிமாவிலும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான்கு என்ற எண் ஏதோ சமாதானத்துக்குச் சொல்வதுபோலப் படுகிறது.

அந்த நான்கும்கூட, எதிரில் இருந்தவருக்குத் தொற்று இருந்தால்தான். இருந்ததா என்பது தெரியாதபோது அதற்கும் ஒரு வாய்ப்பைப் போட்டு இரண்டையும் பெருக்க வேண்டும். இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 2 பேர். பொதுமக்களில் யாரோ ஒரு பெண்ணோடு ஓர் ஆணுக்கு ஒருமுறை யோனிவழி உறவு என்றால், ஆயிரத்தில் இரண்டைப் பத்தாயிரத்தில் நான்கால் பெருக்குகிறோம். வருவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. எதிரில் இருந்தவர் நூற்றுக்கு 3 பேருக்குத் தொற்று உள்ள ஒரு குழுவைச் சேர்ந்தவர், நடந்தது ஆசனவாய்வழி, வந்தவர் ஏற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்தில் நானூறைத் தாண்டிவிடும். இரண்டுக்கும் நடுவே ஐந்நூறு மடங்கு வித்தியாசம். ஆனால் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து "தப்பு பண்ணிட்டேன் சார்" என்று சொல்லும்போது இருவர் குரலும் ஒரே மாதிரிதான் நடுங்கும். குற்றவுணர்வுக்கு ஐந்நூறு மடங்கைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதில் இன்னொரு கழிவும் உண்டு. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்று கூட்டு மருந்து சாப்பிடுகிறார்கள். மருந்தைத் தவறாமல் எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. 2016லும் 2019லும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில் ஆணுறையின்றி நடந்த பல்லாயிரக்கணக்கான உறவுகளைக் கணக்கெடுத்தார்கள். அப்படிப்பட்ட துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. ஆகவே தனக்கு எச்.ஐ.வி. உண்டு, மருந்து சாப்பிடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னவரைவிட, சோதித்தே பார்க்காமல் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னவரைப் பற்றித்தான் ஆலோசகர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்.

குற்றவுணர்வு அளவுகோலாகும்போது அது இரண்டு பக்கமும் தப்பாகவே அளக்கிறது. ஒரு பக்கம், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அதுவும் ஆணுறையோடு போய்வந்தவர். மறுநாளிலிருந்து உடம்பைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குவார். நாக்கு வெளுத்திருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, இரண்டு கிலோ குறைந்துவிட்டது. தூக்கமும் சாப்பாடும் போனால் இரண்டு கிலோ குறையத்தான் செய்யும். புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வருவது உண்மை. அதே காய்ச்சலும் தொண்டை வலியும் ஐப்பசி மழையில் ஊரில் பாதிப் பேருக்கு வருவதும் உண்மை. தொற்றியவர்களில் சிலருக்கு ஒன்றுமே வராமலும் போகும். இருந்தாலும் நோய் என்று சொல்ல முடியாது, இல்லாவிட்டாலும் நோயில்லை என்று சொல்ல முடியாது என்றால் அந்த அறிகுறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு பக்கம், வருஷக்கணக்காக ஒரே ஆளோடு வெளித்தொடர்பு வைத்திருப்பவர். 'அவங்க அப்படிப்பட்டவங்க இல்லை' என்ற நம்பிக்கையில் ஆணுறை எப்போதோ நின்றுபோயிருக்கும். உறுத்தலும் பழகிப்போய் மங்கியிருக்கும். சோதனைக்கு வர வேண்டும் என்ற எண்ணமே இவருக்கு எழாது. ஒருமுறைக்குப் பத்தாயிரத்தில் நான்கு என்பது, தொற்றுள்ள ஒரே துணையோடு ஐந்நூறு முறை என்று ஆகும்போது நூற்றுக்குப் பதினெட்டு ஆகிவிடுகிறது. முதலாமவர் நான்கு லேபில் ரத்தம் கொடுத்திருப்பார். இரண்டாமவர் ஒன்றில்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

எச்.ஐ.வி. மேல் குவிந்த இந்தப் பயத்தின் மறைவில் ஒளிந்துகொள்பவை மற்ற பால்வினை நோய்கள். ஒருமுறை உறவில் உண்மையிலேயே தொற்றக்கூடியவை அவைதான். வெட்டை என்று ஊரில் சொல்லும் கொனோரியா உள்ள பெண்ணிடமிருந்து ஆணுக்கு ஒரே உறவில் தொற்றும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. ஆணிடமிருந்து பெண்ணுக்கு இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020ஆம் ஆண்டில் மட்டும் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் என்ற நான்கும் சேர்ந்து உலகில் 37 கோடிக்கு மேல் புதுத் தொற்றுகள். நான்குமே மருந்தில் குணமாகக் கூடியவை. ஆனால் மையத்துக்கு வருபவர் இவற்றின் பெயரைக்கூட எடுப்பதில்லை. எச்.ஐ.வி. இல்லை என்ற சீட்டு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரை நிறுத்தி, அதே மருத்துவமனையில் இருக்கும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு அனுப்பிவைப்பதுதான் என் கணக்கில் அன்றைய வேலையின் முக்கியமான பகுதி.

சிபிலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றிய பத்து நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், தொட்ட இடத்தில் ஒரு புண் வரும். விளிம்பு தடித்து, அடி சுத்தமாக, வலியே இல்லாமல் இருக்கும். வலிக்காத புண்ணை யார் பொருட்படுத்துகிறார்கள்? பெண்களுக்கு அது உள்ளே வந்தால் கண்ணுக்கே தெரியாது. இந்தப் புண் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமல் தானாக ஆறிவிடும். மாதம் ஒருமுறை குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட ஊர் லாட்ஜில் முகாமிடும் 'வைத்தியர்கள்' இத்தனை காலம் பிழைப்பது இந்த ஆறு வாரத்தில்தான். அவர் தந்த லேகியத்தைச் சாப்பிட்டோம், புண் ஆறியது, வைத்தியம் பலித்தது என்று கணக்கு முடிந்துவிடும். கிருமி ரத்தத்தில் ஏறிப் பயணத்தைத் தொடரும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத தடிப்புகள் வரும், அதுவும் போகும். கர்ப்பிணி மனைவிக்குத் தொற்றினால் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும், நோயோடு பிறப்பதும் நடக்கும். இவ்வளவையும் ஆரம்ப நிலையிலேயே நிறுத்துவது பென்சதைன் பென்சிலின் என்ற பழைய ஊசி. 24 லட்சம் யூனிட், இரண்டு புட்டத்திலும் பாதி பாதியாக, பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். கண்டுபிடிக்க வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற மலிவான ரத்தப் பரிசோதனை, உறுதிசெய்ய டி.பி.எச்.ஏ. புண் இருக்கும்போது உறவு கொண்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் பல மடங்கு ஏறும் என்பதால், சிபிலிஸைக் கவனித்தாலே எச்.ஐ.வி.யையும் பாதி கவனித்த மாதிரி.

கொனோரியா ஆண்களுக்கு இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள் எரிச்சலும் சீழுமாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும். அந்த அறிகுறியைக் கண்டவர்கள் நேராகப் போவது மருந்துக்கடைக்கு. அங்கே கேட்டதும் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கொனோரியா கிருமி கட்டுப்பட்ட காலம் போய்விட்டது. மாத்திரை அறிகுறியைக் கொஞ்சம் அமுக்கும், கிருமி தங்கிவிடும். அரசு பால்வினை நோய் மருத்துவமனைகளில் இதற்கென்றே நிறவாரியான மருந்து உறைகள் உண்டு. சீழ் வடிதலுக்கு சாம்பல் நிற உறை, பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை, வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. சாம்பல் உறைக்குள் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் ஒரே வேளைக்கு. காசு வாங்குவதில்லை. துணைக்கும் கொடுத்தனுப்புவார்கள், அதை வாங்க மறுப்பவர்கள்தான் அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். பெண்களிடம் கொனோரியா, கிளமிடியா இரண்டு கிருமிகளும் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பகுதியினருக்கு எந்த அறிகுறியும் கிடையாது. கருக்குழாய் அடைத்து, பிள்ளையில்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கும்போதுதான் தெரியவரும். ஹெபடைடிஸ் பி கதை வேறு. எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றக்கூடியது, ஆனால் தடுப்பூசி உள்ளது. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் சேர்ந்தது 2011 வாக்கில்தான். இன்று முப்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தபோது போட்டிருக்க வாய்ப்பில்லை. சம்பவம் நடந்த சில நாளுக்குள் முதல் ஊசி போட்டால் அப்போதேகூடப் பலன் உண்டு. மூன்று தவணை, பயந்து வந்தவர் அந்தப் பயத்தால் அடையக்கூடிய நிரந்தர லாபம் இது ஒன்றுதான்.

இனி நாள் கணக்கு. எச்.ஐ.வி. தொற்றுக்கும் அது பரிசோதனையில் தெரிவதற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. விண்டோ பீரியட் என்று எல்லா மையங்களிலும் சொல்வது இதைத்தான். எவ்வளவு நீளம் என்பது கிட் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்தது. வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாளுக்குள் காட்டும். செலவு அதிகம், சாதாரணத் தேவைக்கு வேண்டியதில்லை. வைரஸின் ஒரு புரதத்தையும் உடலின் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை எலிசா, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் 18 முதல் 45 நாளுக்குள். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் ரேபிட் கிட் 23 முதல் 90 நாளுக்குள். நம்பிக்கை மையங்களில் மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று சொல்வதன் காரணம் இந்தக் கடைசி எண். ஆக, சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை காலை எடுக்கும் பரிசோதனை அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. அதற்கு முன்பு என்ன நிலை என்பதை மட்டும் சொல்லும். அதுவும் தெரிய வேண்டியதுதான், எடுக்கட்டும்; ஆனால் அந்தச் சீட்டை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 'ஃபுல் பாடி' பேக்கேஜ்போல பால்வினை நோய்க்கும் பேக்கேஜ் விற்கும் லேப்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு விற்றால் நன்றாக இருக்கும். பத்துப் பதினைந்து பரிசோதனைகளை மறுநாளே எடுப்பதைவிட, இரண்டாவது வாரம் கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும், ஆறு வாரத்தில் எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும், மூன்றாம் மாதம் அந்த இரண்டோடு ஹெபடைடிஸ் பி.க்கும் என்று பிரித்து எடுப்பது கையில் காசையும் மிச்சப்படுத்தும், உண்மையையும் சொல்லும்.

உடனே ஓட வேண்டிய நிலைமைகள் இரண்டு உண்டு. ஒன்று, உண்மையான ஆபத்து இருந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்து. பெப் என்று சொல்வார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கியது, தினமும் 28 நாள். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் கூடுதல். மூன்று நாள் கடந்தால் தருவதில் அர்த்தமில்லை. கேட்டவருக்கெல்லாம் எழுதித் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மேலே சொன்ன பெருக்கல் கணக்கைத்தான் மருத்துவரும் மனதில் போட்டுப் பார்ப்பார். துணைக்குத் தொற்று இருப்பது தெரிந்து அவர் சிகிச்சையில் இல்லை என்றாலோ, ஆசனவாய்வழி உறவில் ஆணுறை கிழிந்திருந்தாலோ, பலாத்காரம் நடந்திருந்தாலோ யோசித்துக்கொண்டு நிற்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ போய்விட வேண்டும். இந்த மருந்தை எடுத்தவர்களுக்குப் பரிசோதனைத் தேதிகளும் தள்ளிப்போகும். இரண்டாவது, கர்ப்பம். ஆணுறை இல்லாத ஒரே உறவில் ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. வருவதைவிடக் கரு உண்டாவதற்குத்தான் எத்தனையோ மடங்கு வாய்ப்பு. அவசர கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரக் கணக்குத்தான். தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பலவற்றில் அதை வைத்திருப்பதே இல்லை என்பதால் அந்த மூன்று நாளில் ஒரு நாள் அலைச்சலிலேயே போய்விடும். எய்ட்ஸ் பற்றி மட்டுமே கேட்டுவிட்டுப் போகும் ஆணுக்கு இந்த நினைப்பே எழுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பரிசோதனை மேஜையில் நடப்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ரத்தத்தைச் சுழற்றி எடுத்த தெளிந்த சீரத்தில் ஒரு சொட்டு கார்டின் குழியில் விழுகிறது, மேலே கரைசல். வெள்ளைப் பட்டையில் ஈரம் ஏறி, முதலில் 'சி' என்ற இடத்தில் கோடு விழும். அது கார்டு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அந்தக் கோடு விழாவிட்டால் கார்டையே தூக்கிப் போட வேண்டும். வீட்டில் தானே கார்டு வாங்கிச் சோதித்தவர்கள் அந்த ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு அலறுவதும் உண்டு. பக்கத்தில் இன்னொரு கோடும் விழுந்தால்தான் ரியாக்டிவ். அதுவும் முடிவல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயில்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத் தப்பாகக் கோடு விழக்கூடிய ஒரு கிட் என்று வையுங்கள். மிக நல்ல கிட்தான். ஆயிரம் பேரைச் சோதித்தால் உண்மையில் தொற்றுள்ள இருவரோடு தொற்றில்லாத ஐவரும் சேர்ந்து ஏழு பேர் ரியாக்டிவ். ஏழில் ஐந்து பொய். அதனால்தான் நம் நாட்டு விதிப்படி, முதல் கார்டு ரியாக்டிவ் ஆனால் அதே ரத்தத்தை வேறு அமைப்புள்ள இரண்டாவது, மூன்றாவது கிட்டுகளிலும் போட்டுப் பார்த்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே பாசிட்டிவ் என்று எழுத வேண்டும். ஒரே ஒரு கார்டை வைத்துக்கொண்டு பாசிட்டிவ் என்று சீட்டு எழுதித் தரும் லேபின் வார்த்தையில் எவரும் எந்த முடிவுக்கும் போய்விடக் கூடாது.

இப்படியெல்லாம் ஆபத்து குறைவு, குறைவு என்று சொன்னால் ஜனங்களுக்குத் துளிர்விட்டுப் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தொழிலுக்குள்ளேயே உண்டு. பயம்தான் கட்டுப்படுத்துகிறது, அதை எடுத்துவிடாதே என்பது அவர்கள் வாதம். பயத்தை இந்த மண் நிறையவே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலாளிகளிடம் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் மண்டையோடும் எலும்பும் போட்ட போஸ்டர்களுக்குக் குறைவில்லை. தொற்று ஏறிக்கொண்டுதான் இருந்தது. இறங்கத் தொடங்கியது ஆணுறை கைக்கு எட்டிய பிறகு, பால்வினை நோய்க்குச் சிகிச்சை கிடைத்த பிறகு, பாலியல் தொழிலாளிகளையும் லாரி ஓட்டுநர்களையும் தேடிப்போய்ப் பேசிய பிறகு. பயம் செய்த வேலை ஒன்றைத்தான் இன்றும் பார்க்கிறோம்: தொற்றுள்ளவரை வீட்டைவிட்டுத் துரத்தியது, தொற்று இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவரை மையத்துக்கு வராமல் ஒளியவைத்தது. அந்த வெறுப்பைச் சமாளிக்கவே 2017இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, தொற்றைக் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது அது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பத்தாயிரத்தில் நான்கு என்பது சராசரி. எதிரில் இருந்தவருக்குப் போன வாரம்தான் தொற்றியிருந்து வைரஸ் உச்சத்தில் இருந்தால்? புண் இருந்திருந்தால்? அந்த நான்கில் ஒருவராக நானே இருந்துவிட்டால்? சரியான கேள்விதான். சராசரி எண் எவரையும் தனியாகக் காப்பாற்றாது. ஆகவேதான் குறைவு என்று சொல்லிவிட்டுச் சும்மா அனுப்பாமல், உரிய நாளில் வந்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள் என்கிறோம். எண் சொல்வது அந்த நாள்வரை தூங்கலாமா என்பதை. பரிசோதனை சொல்வது தொற்றியதா என்பதை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்கும்போதுதான் சிக்கல்.

மூன்றாவது மறுப்பு வீட்டிலிருந்து வருகிறது. அந்த மூன்று மாதமும் மனைவியோடு ஆணுறை போடுங்கள் என்றால், "என்ன சொல்லிப் போடுறது சார்?" என்பார்கள். நியாயமான சங்கடம். பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஆலோசகரின் வேலையா என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வெளியே போனவர் எடுத்த ஆபத்து சிறியதோ பெரியதோ, அவர் தெரிந்து எடுத்தது. மனைவி எடுத்தது அப்படியில்லை. உண்மையைச் சொல்வதோ, உடம்பு சரியில்லை என்று விலகி இருப்பதோ அவரவர் முடிவு. ஒன்றும் சொல்லாமல், ஆணுறையும் இல்லாமல் வழக்கம்போல் இருப்பது மட்டும் கூடாது. தொற்று உறுதியான பிறகும் துணையிடம் சொல்ல மறுப்பவர் விஷயத்தில், அவருக்கு ஆலோசனை தந்து, முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணைக்கு நேரில் சொல்ல அதே 2017 சட்டம் நிபந்தனைகளோடு இடம் தருகிறது. உண்மையைச் சொன்னால் அடியும் துரத்தலும் வரும் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கும் உண்டு.

அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. முடிவை உங்களிடம்தான் சொல்வார்கள். நேரில் வரக் கூசினால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். வரும்போது தேதியைச் சரியாக நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் இதையெல்லாம் கேட்டுப் பழகியவர். முகம் சுளிக்க மாட்டார், சுளித்தால் மருத்துவ அதிகாரியிடம் புகார் சொல்லுங்கள். எச்.ஐ.வி. சீட்டோடு திரும்பாமல் சிபிலிஸுக்கும் ஹெபடைடிஸ் பி.க்கும் எழுதி வாங்குங்கள். இடையில் வேறு ஆபத்து எதுவும் இல்லாமல், மூன்று மாதம் முடிந்து, நான்-ரியாக்டிவ் என்று வந்துவிட்டால் அது முடிந்த கணக்கு. அதற்குப் பிறகும் உறக்கம் வரவில்லையென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. ஐந்தாவது லேபுக்குப் போகாதீர்கள்.